மேளப் பெட்டியில் ஒரு அடி குறையும்

அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவரின் மகன். பாலக்கரையில் மாடு கட்டியிருந்த ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சாணி வாடை போவதற்கு முன்னாலேயே அதில் ஒரு பழைய டிரில்லிங் மெஷினை இறக்கினேன். லேத்து ஓட்ட எனக்கு எவரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் ஷிப்ட் முடிந்து எதிர்க்கடைக்கு டீ குடிக்க வருவார். அவர் வாயைக் கிளறிப் பாதித் தொழிலைக் கற்றேன். மீதியை இரும்பைக் கெடுத்துக் கற்றேன். ஹோட்டல்காரர்களுக்கு மாவாட்டும் கிரைண்டர் செய்து கொடுத்தேன். கரும்பு பிழியும் மெஷின் செய்தேன். தேங்காய் துருவ, கடலை உடைக்க, முறுக்கு மாவு பிசைய என்று எது கேட்டாலும் செய்தேன். எதற்கும் காகிதத்தில் படம் போட்டதில்லை. ஸ்ரீரங்கத்தில் மாடி வைத்து வீடு கட்டினேன். இன்ஜினியர் போட்ட படிக்கட்டு முழங்காலுக்கு ஆகாது என்று இடித்துக் கட்ட வைத்தேன். இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிற வயசானவர்கள் எல்லாரும் அந்தப் படியைத்தான் முதலில் புகழ்கிறார்கள்.

இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. மறுத்தது ஒன்றைத்தான். அது மேளப் பெட்டி.

சின்னக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் சேகண்டியும் தானாக அடிக்குமே, அந்தப் பெட்டி. பாலக்கரையில் எங்கள் சந்துக் கோயிலில் இருப்பது என் கையால் செய்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் எத்தனையோ கோயிலுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் முதல் பெட்டி அதுதான்.

அந்தக் கோயில் பூசாரி ஒரு சாயந்திரம் பட்டறைக்கு வந்து வாசலில் நின்றபடியே புலம்பினார். மேளம் அடிக்கிற ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். பூசை நேரத்துக்குக் கோயிலில் பூசாரியும் சாமியும் மட்டும்தான்.

"ஒரு கையில தட்டு. ஒரு கையில மணி. சேகண்டிய என்ன, மூக்காலயா அடிக்கிறது? நீங்கதான் எதையெதையோ செய்றீங்களே, இதுக்கு ஒண்ணு செய்யக் கூடாதா?"

அப்படி ஒரு பெட்டி உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தபோது கோயில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதன் சத்தத்தைக் கேட்டிருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் நடை சாத்திவிட்டார்கள். ஆக, நான் பார்த்தது எதுவும் கிடையாது. கேட்டது மட்டும்தான். கேட்டதை வைத்து ஒரு வட்டத் தகடு, தகட்டின் ஓரத்தில் வரிசையாக முளைகள், முளை வந்து தூக்கி விட்டால் தோல் மேல் விழுகிற குச்சி, சுற்றுவதற்குக் கிரைண்டர் மோட்டார் என்று நானாக யோசித்துச் சேர்த்தேன். முதல் தடவை சுவிட்ச் போட்டபோது பூசாரி பின்னால் நகர்ந்து விளக்கில் இடித்துக்கொண்டார். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செலவை ஏற்றது மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒருவர். அதனால் வழக்கப்படி உபயம் அவர் பெயரில். நம் கோயில்களில் டியூப்லைட் கொடுத்தவர்கூட, வெளிச்சம் வர இடமில்லாமல் பேரை எழுதிவிட்டுத்தான் கொடுப்பார். மண்டிக்காரர் பெட்டியின் முகப்பு முழுக்கத் தன் பேர், அப்பா பேர், மகன்கள் பேர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எழுதியவர் எங்கள் தெருவில் போர்டு எழுதுகிற பாய். பெயிண்ட் டப்பாவை மூடுவதற்கு முன்னால் அவர் என்னைக் கேட்டார்.

"அண்ணே, கீழ நாலு விரல் இடம் இருக்கு. செஞ்சது இன்னாருன்னு சின்னதா எழுதிடவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தம் கேட்டா போதும் பாய், யாரு செஞ்சதுன்னு ஊருக்கே தெரியும். எழுதிக் காட்டுறது சரக்கு இல்லாதவன் வேலை." பாய் சிரித்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார். அந்த மூடிச் சத்தம் இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது.

இனி ஃபோனுக்கு வருகிறேன். தொழிலை நிறுத்தியபின் பொழுது போகட்டும் என்று சின்ன மகள் ஒரு ஃபோன் வாங்கித் தந்து, ஊர் நினைவுகளைப் பேசுகிற ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டாள். ஆயிரக்கணக்கான பேர். ஒருத்தர் முகமும் தெரியாது. முகம் இருக்க வேண்டிய படத்தில் ஒருத்தர் ரோஜாப்பூ, ஒருத்தர் புலி, ஒருத்தர் மேகம். அங்கே பேச்செல்லாம் ஒரே பேச்சுதான்: அந்தக் காலம் போல வருமா. அம்மியில் அரைத்த சட்னிதான் சட்னி என்று ஒருவர் எழுதினார். உங்க வீட்டில் அம்மி எந்த மூலையில் இருக்கிறது, அதன் மேல் இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆளைக் காணோம். கை முறுக்குதான் முறுக்கு என்றார் இன்னொருவர். உங்க வீட்டில் யார் கை வலிக்கிறது என்று கேட்டேன். அவரையும் காணோம். ஆரம்பத்தில் இதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பட்டறையில் வாய் பேசிப் பழகியவனுக்கு வீட்டில் பேச்சு போதாது.

ஒருநாள் நம் சந்துக் கோயில் பெட்டி குரூப்பில் வந்தது. யாரோ வீடியோவே எடுத்துப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு வரி: "இந்த இரும்புப் பிசாசைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?"

நான் எழுதினேன்: "நான்தான்."

பிறகு மழைதான்.

"தாத்தா, மலைக்கோட்டையைத் தூக்கி வச்சதும் நீங்கதானே?"

"காவேரிப் பாலம் கட்டினதும் இவர்தாங்க. அடக்கமா இருக்காரு."

"ஐயா, எங்க வீட்டு மிக்ஸி கத்துது. வரீங்களா?"

கடைசி ஆளுக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் போட்டேன். கத்துகிறது என்றால் புஷ் தேய்ந்திருக்கும், உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் மோட்டார் போய்விடும் என்று. அவர் கேலிக்குக் கேட்டார் என்று அப்புறம்தான் புரிந்தது.

விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒருவர். அவர் படத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கும். ஆகவே எனக்கு அவர் குதிரைக்காரர். மற்றவர்கள் போல வெறும் கேலி பேசுகிற ஆள் இல்லை. மரியாதையாகவே குத்துவார்.

"பெரியவரே, பெட்டியிலேயே உபயம்னு பேர் எழுதியிருக்கு. செஞ்சது அவர். நீங்க யாரு?"

"உபயம்னா கொடுத்தவர். செஞ்சவன் வேற."

"அப்ப செஞ்சவர் பேர் எங்க? ஆதாரம் காட்டுங்க."

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். கோயிலில் மனுஷன்தான் மேளம் அடிக்கணும் என்று முன்னால் அவர் எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்து அடிங்க. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு. நான் சுவிட்சை நிறுத்தச் சொல்றேன்."

"நான் ஊர்ல இல்லையே பெரியவரே."

"நீங்க மட்டுமா? யாருமே ஊர்ல இல்லை. அதனாலதான் பெட்டி."

அதற்கு நிறையப் பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள். மனைவியிடம் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குழாயடிச் சண்டையில ஜெயிச்சா ஒரு குடம் தண்ணியாவது கிடைக்கும். இதுல என்னங்க கிடைக்கும்?" என்றாள்.

நான் எழுதுகிற முறை ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. எனக்கு நேராக ஃபோனில் எழுத வராது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருப்பேன். அதன் பின்பக்கம் பென்சிலால் பதிலை எழுதி, அடித்து, திருத்தி, கடைசியில் ஒரு விரலால் ஃபோனில் ஏற்றுவேன். ஒரு பதிலுக்கு ஒரு பகல் ஆகும். அதற்குள் சண்டை எங்கேயோ போயிருக்கும். கத்தரிக்காய் பேச்சுக்கு நான் எழுதிய பதில் கார் பார்க்கிங் பேச்சுக்குக் கீழே போய் விழுந்த கதையெல்லாம் உண்டு. சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

குதிரைக்காரர் ஒருநாள் இப்படி எழுதினார்: "வீடியோவைக் காது கொடுத்துக் கேளுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடி விழாம தடுக்குது. தாளம்கூடத் தெரியாத மெஷின். இதுக்கு நான்தான் நான்தான்னு ஒருத்தர் வேற."

அதைப் படித்ததும் உடம்பு சூடாகிவிட்டது. காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். ரெண்டு நாள் உட்கார்ந்து ஆறு தாள் எழுதினேன். அந்த ரெண்டு நாளும் அவரிடமிருந்து குரூப்பில் ஒரு எழுத்து இல்லை. பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். குரூப்பில் பழைய சண்டையைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அதனால் அந்தக் குதிரைப் படத்தைத் தொட்டேன். அவருடைய சொந்தப் பக்கம் வந்தது. மேலே ஏதோ நாலு வரி எழுத்து, கீழே பதில் எழுதுகிற கட்டம். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். மனப்பாடமாக இருந்த முதல் தாளை மட்டும் கட்டத்தில் ஏற்றினேன்.

"என்ன, பேச்சையே காணோம்? ஆதாரம் ஆதாரம்னு கேட்டியே, இப்ப எங்க போய் ஒளிஞ்ச? ஆம்பளையா இருந்தா வெளிய வா."

சாயந்திரம் மனைவி ஃபோனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அந்த நாலு வரி என்னவென்றால், அவருடைய அம்மா அன்று விடிகாலை இறந்துபோன செய்தி. எப்போது எடுக்கிறார்கள், எங்கே வரவேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். நடுவில் நான்.

அதை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு ஃபோன் போட்டு அவள் சொல்லச் சொல்ல அழித்தோம். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். "பெரியவங்கன்னு பார்த்தா இதான் லட்சணம்" என்று ஒரு ரோஜாப்பூ எழுதியது. சரியாகத்தானே எழுதியிருக்கிறது. இருட்டுவதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் எந்தச் சண்டையிலும் பட்டறையை விட்டு வெளியே போனவன் இல்லை. இப்போது முகம் தெரியாதவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். வாசல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை எழுதுங்க," என்றாள் மனைவி. "உங்க பெருமையெல்லாம் வேணாம். ரெண்டு வரி போதும்."

அந்த ரெண்டு வரிக்கு எத்தனை காலண்டர் தாள் கிழித்தேன் என்று கணக்கில்லை. 'படிக்காமப் போட்டுட்டேன் தம்பி. உங்க அம்மாவுக்கும் உங்களுக்கும் முன்னால தலை குனியுறேன்.' இதைத் தனியாக அவருக்கு அனுப்பினேன்.

பதில் வர மூன்று வாரம் ஆனது. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்திருக்கும். "பரவாயில்லைங்க பெரியவரே. தெரியாமத்தான் போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன்." அதோடு விட்டிருக்கலாம். கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார். "அந்த மெஷின் சத்தம் எனக்கு இன்னிக்கும் பிடிக்காது. ஆனா நான் அந்தச் சந்துலதான் பொறந்தேன். சின்ன வயசுல அந்த விடுபட்ட அடி வர்ற இடத்துல நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு கை தட்டுவோம். பூசாரி திட்டுவாரு. அது ஏன் விடுபடுது? செஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லுங்க, நம்புறேன்."

அன்று உடம்பு ஏன் சூடானது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

தகட்டின் ஓரத்தில் பதினாறு முளை வைப்பதாகத்தான் திட்டம். வட்டத்தைப் பதினாறாகப் பிரிக்க வேண்டும். எனக்கு வட்டக் கணக்கு வராது, பள்ளிக்கூடம் அதுவரை போகவில்லை. அதனால் ஒரு நூலைத் தகட்டைச் சுற்றி அளந்து வெட்டி, அதை ரெண்டாக மடித்தேன், நாலாக மடித்தேன், எட்டு, பதினாறு. மடிப்பில் பேனா மை தொட்டுக்கொண்டேன். நல்ல யோசனைதானே? ஆனால் குறி வைக்கும்போது நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தேன். அது நீண்டுவிட்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் துளித் துளியாகக் கூடிக்கொண்டே வந்து, பதினஞ்சு முளையை வெல்டு வைத்து முடித்தபோது பதினாறாவது இடத்துக்கும் முதல் முளைக்கும் நடுவில் பாதி இடைவெளிதான் மிஞ்சியது. வைத்தால் குச்சி கீழே விழ நேரம் இருக்காது, சிக்கிக்கொள்ளும். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெட்டி அடிக்கும் என்று பூசாரி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். புதுத் தகடு வெட்ட நேரமில்லை. பதினாறாவதை வைக்காமல் விட்டுவிட்டேன்.

பூசாரி கேட்டபோது, "பதினஞ்சு அடி, ஒரு மூச்சு. மனுஷன் அடிச்சாலும் மூச்சு விடணும்ல சாமி?" என்று அடித்துவிட்டேன். ஆஹா என்றார். மண்டிக்காரர் அதை மார்க்கெட் முழுக்கச் சொன்னார். அப்புறம் பெட்டி கேட்டு வந்தவர்கள் எல்லாம், "அந்த மூச்சு விடுற மாதிரியே செஞ்சு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். கடைசி வரைக்கும் என் பெட்டி எல்லாவற்றிலும் பதினஞ்சு முளைதான். வேறு ஊரிலிருந்து வாங்கிய பெட்டி எதிலும் இந்தக் குறை கிடையாது. ஆதாரம் ஆதாரம் என்றார்களே, இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்? ஆனால் அதைக் காட்ட வேண்டுமென்றால் அது தப்பு என்று சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக மூச்சு என்று சொல்லி வந்த வாய் இது.

ரெண்டு தாள் எழுதினேன். ஒன்றில் மூச்சு, ஒன்றில் நூல். ரெண்டையும் மனைவி முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கும் அதுவரை மூச்சுக் கதைதான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

"அந்த நூலு என் தையல் டப்பாவுல இருந்து எடுத்துட்டுப் போனது. இழுத்தா இழுத்த பக்கம் வர்ற நூலு. பித்தான் வைக்கக்கூட ஆகாதுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எப்பங்க கேட்டீங்க?"

நூல் தாளைத்தான் அனுப்பினேன். குதிரைக்காரர் ஒரே வரி போட்டார்: "இது செஞ்சவர் பேச்சுதான்." அதை அவரே குரூப்பிலும் எழுதினாராம். மகள் சொன்னாள். அங்கே அடுத்த சண்டை தொடங்கியிருந்தது. "அப்ப தப்பா செஞ்சவர்னு எழுதிடலாமா?" என்று ஒரு புலி கேட்டதாம். பென்சில் சீவவே அலுப்பாக இருக்கிறது.

போன வாரம் பஸ் ஏறிப் பாலக்கரை போனேன். கோயிலில் கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். பெட்டியை வெளியே எடுத்து வைத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டார்கள். மண்டிக்காரரின் பேரன் புதுசாகப் பேர் எழுதப் போகிறாராம். பாயையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, பிரஷ்ஷை விட்டு ரொம்ப நாளாகிறது. வெறும் தகரமாக நின்ற பெட்டியைப் பார்த்து, "அன்னிக்கே கேட்டேன்லண்ணே" என்றார்.

கமிட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டுத்தான் பேசினார்.

"உபயதாரர் பேர் போடுறதுதாங்க வழக்கம். செஞ்சவங்க பேர் போடுறது கிடையாதே. கோபுரம் கட்டின கொத்தனார் பேரு எங்கயாவது இருக்குங்களா?"

"இல்லதான். அதனாலதானே ராஜா கட்டினார், ராஜா கட்டினார்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க. ராஜா ஒரு சட்டி சுண்ணாம்பு தூக்கியிருப்பாரா?"

அவர் சிரித்தார். பார்க்கலாங்க என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்த எழுத்தில் யார் பேரையும் போடவில்லை, என் பேரையும் சேர்த்துத்தான். அது வர வேண்டிய இடம் இது இல்லை. பெட்டியின் முகப்பில், உபயம் எழுதுகிற இடத்துக்குக் கீழே நாலு விரல் இடம் இன்னமும் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன், இந்தத் தடவை கையால். பெயிண்ட் காய்வதற்குள் அந்த இடத்தில் என் பேரை எழுத வேண்டும். குரூப்பில் அந்த வீடியோவுக்கு மேலேயும் எழுத வேண்டும். பிசாசு என்று சொல்லிக்கொள்ளட்டும், அதைச் செய்தவன் இன்னான் என்றும் சேர்த்துச் சொல்லட்டும். பதினாறாவது முளையை விட்டதும் நான்தான் என்று போட்டாலும் எனக்குச் சம்மதம்.

நூல் கொடுத்தவள் பேரும் அதில் வர வேண்டும் என்று வீட்டில் ஒரு கோரிக்கை இருக்கிறது. நாலு விரல் இடத்தில் ரெண்டு பேர் தாராளமாக அடங்கும். கமிட்டிக்காரர்களே, எழுதுங்கள்.